தழை சொல்லியும் வெள்ளைக்கழிச்சலும்

உலகத்தில் டாக்டர்கள் இருக்கிறார்கள், நர்ஸ்கள் இருக்கிறார்கள், மருந்துக்கடைக்காரர்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாரோடும் சேராத, ஆனால் எல்லோரையும் கூட்டினாலும் அதைவிட எண்ணிக்கையில் ஜாஸ்தியான இன்னொரு ரகம் இருக்கிறது. அந்த ரகத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் தழை சொல்லி. முட்டி வலி என்று நீங்கள் குனிந்து முட்டியைத் தொடுவதற்குள், "அதுக்கு ஒரு தழை இருக்குது சார்" என்று ஆரம்பித்து, அது எங்கே முளைக்கும், என்ன கிழமையில் பறிக்கணும், பறிக்கும்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கணும், அதைக் குடித்த யாருடைய மாமனார் மறுநாளே செருப்பில்லாமல் மலை சுற்றி வந்தார் என்பது வரைக்கும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில்தான் கேட்பார்: "ஆமா, எந்த முட்டி?"

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வேங்கிக்கால் தெருவில் இருப்பவர் முருகையன்.

சர்வே ஆபீசில் முப்பது வருஷம் அடுத்தவர் நிலத்தை அளந்தவர், ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அடுத்தவர் உடம்பை அளக்க ஆரம்பித்தார். மனிதர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் சங்கடமே. யாரிடமும் ஒரு பைசா வாங்க மாட்டார். உங்களுக்கு ஜலதோஷம் என்றால் வெயிலில் மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலை வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய், முள் கிழித்த கையோடு ஒரு மஞ்சப்பை நிறைய தழையைக் கொண்டுவந்து உங்கள் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். காசு வாங்குகிறவராக இருந்தால் சண்டை போடலாம். இவரோடு என்ன செய்வது? குடிக்கத்தான் வேண்டும்.

அவரிடம் இல்லாத வார்த்தை ஒன்றே ஒன்றுதான். "தெரியலை." அவர் எங்கள் தெருவில் குடிவந்த இந்தப் பத்து வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால்கூட ஒரு நேரம் சொல்வார். அந்த நேரத்துக்குப் பஸ் வராது. "அப்ப பஸ்ஸுலதான் ஏதோ கோளாறு" என்பார்.

தழை குடித்து ஆள் தேறினால் தழையால் தேறியது. தேறவில்லையென்றால் பறித்த நேரம் சரியில்லை, அலுமினியப் பாத்திரத்தில் காய்ச்சிவிட்டார்கள், கூடவே தயிர் சாப்பிட்டுவிட்டார்கள். தழை மட்டும் ஒருநாளும் தோற்றதில்லை. தேர்தலில்கூட இப்படி ஒரு வேட்பாளரை நான் பார்த்ததில்லை.

அவருடைய மனைவி பச்சையம்மாள் அவரை முப்பத்தைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தலைவலி வந்தால் புருஷனுக்குத் தெரியாமல் கோலமாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருக்கும் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "உங்க கஷாயம் நல்லா கேட்டுச்சுங்க" என்று சொல்லிவிடுவார். குடும்பம் என்றால் அப்படித்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மனிதரின் வீட்டு மாடிக்கு ஆர்த்தி என்று ஒரு பெண் வாடகைக்கு வந்து சேர்ந்தாள். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, வேலூர் ரோட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. என்ன வேலை என்று பச்சையம்மாள் கேட்டதற்கு, "கோழிக்கு வர்ற வைரஸ் நோய் இருக்கில்லைங்களா ஆன்ட்டி, வெள்ளைக்கழிச்சல் மாதிரி. அதுக்கு ஏதாவது செடியோட சாறு கேக்குதான்னு பாக்கறோம்" என்று அந்தப் பெண் வெகுளியாகச் சொல்லிவிட்டது.

அன்றைக்கு முருகையன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவரின் மாடிக்குக் கடவுளே அட்வான்ஸ் கொடுத்துக் குடிவந்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரமே ஒரு மஞ்சப்பை மாடியேறியது. உள்ளே அவருடைய மலைத்தழை. அதன் நிஜப் பெயரை யாருக்கும் சொல்ல மாட்டார், ரகசியம். கலெக்டர் ஆபீஸ் பக்கத்துக் காலி மனைகளில் எல்லாம் அது இடுப்பு உயரத்துக்கு முளைத்துக் கிடப்பது மட்டும் ஊருக்கே தெரியும். ஆர்த்தி நல்ல பெண். வீட்டுக்காரர் மனசு நோகக்கூடாதென்று, ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வைத்திருந்த நாற்பது செடிகளோடு இதையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டாள்.

மூன்று மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மாடிக்குப் போய், "இன்னாம்மா ஆச்சு நம்ம தழை?" என்று கேட்டபோது அவள் சொன்னதை, பிற்பாடு அவளே என்னிடம் வரிவரியாகச் சொன்னாள்.

"ஒரு அளவுல வைரஸ் கம்மியா வளர்ந்திருக்கு அங்கிள். ஆனா அது முட்டைக்குள்ள. கரு வளர்ற முட்டைல, வைரஸையும் சாறையும் முன்னாடியே ஒண்ணா கலந்து ஏத்தினப்ப. அளவைக் கொஞ்சம் கூட்டினா கருவே செத்துப் போயிடுது. கோழிக்கு வாய் வழியா குடுத்தா உள்ள போய் வேலை செய்யுமா, செய்யாதா, தெரியலை. இன்னொரு தடவை பண்ணா இதே மாதிரி வருமா, அதுவும் தெரியலை. நாலஞ்சு வருஷ வேலை இருக்குது."

முருகையன் வீட்டு மாடிக்குப் பன்னிரண்டு படிகள். அவர் இறங்க இறங்க, படிக்கொரு வாக்கியம் நழுவி விழுந்தது. முதல் படியில் நாலஞ்சு வருஷம் போனது. மூன்றாம் படியில் இரண்டு "தெரியலை"யும் போனது. நடுவில் செத்துப்போன கரு போனது. கடைசிப் படிக்கு வரும்போது முட்டையும் போய்விட்டது. தரையில் கால் வைத்தபோது அவர் கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை: "கம்மி."

அதை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனார். நான்கு நிமிஷ வாய்ஸ் மெசேஜ். "எல்லாருக்கும் வணக்கம். முருகையன் பேசறேன். நம்ம மலைத்தழை ஆராய்ச்சியில ப்ரூவ் ஆயிடுச்சு. வெள்ளைக்கழிச்சல் வைரஸையே அடிக்குது. சொன்னது யாரு? டாக்டருக்குப் படிச்ச பொண்ணு." கீழே முப்பது பேர் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அதே குரூப்பில்தான் ஆர்த்தியும் இருந்தாள். ஆனால் தினமும் எண்பது குட்மார்னிங் வருகிற குரூப்பை எந்தப் புத்திசாலி சத்தம் அடைக்காமல் வைத்திருப்பார்? அவள் அதைப் பார்க்கவேயில்லை.

இதுவரைக்கும் நடந்தது சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். தழை சொல்லிகளிடம் ஒரு குணம் இருக்கிறது. நோய் அவர்கள் வீட்டில் இருக்காது, அடுத்த வீட்டில்தான் இருக்கும். முருகையன் வீட்டில் ஒரு கோழியும் கிடையாது. பச்சையம்மாளுக்கு அந்த வாடையே ஆகாது.

கோழிகள் ரஹமத்துன்னிசாவிடம் இருந்தன. தெருக்கோடியில், ஏரிக்கரையை ஒட்டி வீடு. புருஷன் தவறிப்போன பிறகு இரண்டு பெட்டையில் ஆரம்பித்து, நாற்பத்தொரு நாட்டுக்கோழி வரைக்கும் கொண்டுவந்திருந்தாள். ரமணாசிரமம் பக்கத்து விருந்தினர் விடுதிகள் சிலவற்றுக்குத் தினமும் முட்டை போகும். அந்த முட்டையில்தான் மகள் பர்சானா செங்கம் ரோட்டில் டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்றில் ஒவ்வொன்றுக்கும் ரஹமத்துன்னிசா பெயர் வைத்திருந்தாள். ஒரு கருஞ்சேவலுக்குப் பெயர் ரவுடி. யார் கைக்கும் சிக்காது. ராத்திரியில்கூட வேப்பமரத்து உச்சியில்தான் தங்கும்.

மாசி மாதம் கோழிகளுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அன்றைக்குக் காலையில் ரஹமத்துன்னிசா கோழிகளைக் கூடைகளில் அடைத்து, மேலே சாக்கு போட்டுக் கட்டி, வாசலில் வரிசையாக வைத்துவிட்டு ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தாள். முருகையன் சைக்கிளை நிறுத்தினார். பால் வாங்கப் போன நானும் நின்றேன்.

"இன்னாம்மா ரஹமத்து, மொத்தக் குடும்பத்தையும் அடைச்சுகினு எங்க கெளம்பிட்ட?"

"ஸ்கூலாண்ட ஊசி போடறாங்களாம் அண்ணா. கழிச்சலுக்கு."

"நல்லா இருக்கற கோழிக்கு இன்னாத்துக்கும்மா ஊசி? குரூப்புல நான் போட்டது கேக்கலியா? நம்ம தழையே அடிக்குது. மாடிப் பொண்ணு சொல்லிடுச்சு."

"அந்தப் பொண்ணே சொல்லுச்சா?"

"என் காதால கேட்டேம்மா!"

பொய் சொல்லவில்லை, பாருங்கள். காதால்தான் கேட்டார்.

ரஹமத்துன்னிசா யோசித்தாள். போன வருஷம் ஊசி போட்ட பிறகு நாலு நாள் முட்டை குறைந்து, விடுதிக்காரர்கள் முகம் சுளித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. கூடையைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், அப்புறம் ஏனோ என்னைப் பார்த்தாள்.

அங்கே நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஊசியும் போட்டுக்கோங்க" என்று நாலு வார்த்தைகூட வேண்டாம், இரண்டே வார்த்தை. நான் சொன்னது என்ன தெரியுமா? "கூடவே கொஞ்சம் மஞ்சத்தூளும் சேத்துக்கோங்கம்மா." ஏன் சொன்னேன்? நாக்கு சும்மா இருந்தது, அவ்வளவுதான். மஞ்சளுக்கும் வெள்ளைக்கழிச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவள் சாக்கை அவிழ்த்தாள். கோழிகள் கூடையை விட்டு வெளியே வந்து, விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் இறக்கை அடித்தன. மறுநாளிலிருந்து அவற்றுக்குத் தினமும் காலையில் ஒரு வேளை தழைச் சாறு.

மூன்று வாரம் கழித்து ஒரு பெட்டை தூங்கி வழிந்தது. மறுநாள் எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போனது. அதற்கடுத்த நாள் இறக்கை தொங்கி, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. ரஹமத்துன்னிசா போன் போட்டதும் முருகையன் பறந்து வந்தார். தழைச் சாறு காலையில் ஒரு வேளைக்குப் பதில் மூன்று வேளையானது. அவரே உட்கார்ந்து அம்மியில் அரைத்துக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, அலகைப் பிளந்து, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள். ரவுடி மட்டும் மரத்தை விட்டு இறங்கவில்லை.

முதலில் இரண்டு செத்தது. "தழை ஏரிக்கரையில பறிச்சது. வீரியம் கம்மி" என்று சொல்லிவிட்டு மலைக்கு மேற்குப் பக்கம் ஓடினார். அடுத்து ஐந்து செத்தது. "உச்சி வெயில்ல பறிச்சிட்டேன்" என்றார். ஒரே நாளில் ஒன்பது செத்தபோது, அம்மிக்கல் புதுசு என்பதைக் கண்டுபிடித்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் ரஹமத்துன்னிசா முருகையன் வீட்டுப் பன்னிரண்டு படிகளை ஏறி, அப்போதுதான் வேலையிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்காத ஆர்த்தியின் முன்னால் நின்றாள். பின்னாலேயே நானும் ஏறியிருந்தேன்.

"நீதானே சொன்னியாம், தழை குடுத்தா ஊசி வேணாம்னு. இன்னும் எத்தினி வேளை குடுக்கணும்மா?"

ஆர்த்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "நான் அப்படிச் சொல்லவேயில்லைக்கா" என்றாள். அடுத்த நிமிஷம் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையுறையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள். நோய்ப்பட்ட கோழிகளை ஒரு பக்கமும், தெம்பாக இருந்தவற்றைத் தெருவின் மறுகோடியில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டிலும் பிரித்து அடைக்க வைத்தாள். கார் இல்லாத கார் ஷெட் அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது.

மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். "நோய் உள்ள பூந்த பிறகு ஊசி காப்பாத்தும்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. நல்லா இருக்கறதுக்குப் போட்டுப் பாக்கலாம். சிலது நிக்கும், சிலது நிக்காது" என்றார். படித்த இரண்டு பேரும் "தெரியாது, உறுதியில்லை" என்றே பேசுவதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதுவரைக்கும் அந்த வாசலில் உறுதியாகப் பேசியவர்கள் முருகையனும் நானும்தான்.

கணக்கு இருபத்தெட்டில் நின்றது. பதிமூன்று பிழைத்தன. அதில் ஒரு சொட்டுச் சாறுகூடக் குடிக்காத ரவுடியும் ஒன்று.

செத்தவற்றைப் புதைக்க ஏரிக்கரை மேட்டில் ஆழமாகக் குழி தோண்டச் சொல்லியிருந்தார்கள். முருகையனும் நானும் தோண்டினோம். அறுபத்துமூன்று வயசு மனிதர், சட்டையெல்லாம் நனைந்து, யார் சொல்லியும் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. ரஹமத்துன்னிசா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது அதன் பெயரைச் சொன்னாள். மேலே சுண்ணாம்பு கொட்டி முடிந்ததும் அவள் கேட்டாள். கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஒரு வேளைகூட தவறாம குடுத்தேன் அண்ணா. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

முருகையன் வாயைத் திறந்தார். அம்மிக்கல்லா, கிழமையா, மலையின் தெற்குப் பக்கமா, எது வரப்போகிறதோ என்று மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். அப்புறம் வந்தது.

"நீ ஒண்ணும் பண்லம்மா. எனக்குத்தான் தெரியலை. தெரியாமதான் சொன்னேன்."

"தெரியலைன்னு அன்னிக்கே சொல்லி இருக்கலாமே அண்ணா. கூடையெல்லாம் கட்டி வெச்சிருந்தேனே."

அவர் அப்படியே குழி மேட்டில் உட்கார்ந்து, மண் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் மெதுவாக அங்கிருந்து நழுவப் பார்த்தேன். ரஹமத்துன்னிசா என் பக்கம் திரும்பினாள்.

"மஞ்சளும் சேத்தேன் சார்," என்றாள்.

இருபத்தெட்டு கோழிக்கும் சேர்த்து அந்த ஒரு வரி எனக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டு வாரம் முருகையன் வெளியே தலைகாட்டவில்லை. தெருவில் யாராவது இருமினால் அவர் வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. "ரெண்டு வேளை சாப்பாடுகூட சரியா எறங்கல மனுஷனுக்கு" என்றார் பச்சையம்மாள். அந்த அம்மாளேதான் ஒருநாள் காலையில் அவரைக் கிளப்பி, பஸ் ஏற்றிக் கோழிப் பண்ணைக்கு அனுப்பினார். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் மடியில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே கீச்கீச்சென்று முப்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகள். நேராக ரஹமத்துன்னிசா வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. முதலில் மாடிக்கு ஏறி ஆர்த்தியிடம் கேட்டார். "பழைய எடத்த நல்லா கழுவிக் காயவிடணும் அங்கிள். அதுவரைக்கும் உங்க வீட்லயே வெச்சுக்கோங்க" என்றாள். கோழி வாடையே ஆகாத பச்சையம்மாளின் கொல்லையில் முப்பது குஞ்சும் இரண்டு மாசம் வளர்ந்தன. கழிச்சல் வராமல் கண்ணில் விடும் தடுப்புச் சொட்டு மருந்து முதல் தவணை, இரண்டாவது தவணை என்று எல்லாம் முடிந்த பிறகுதான் ரஹமத்துன்னிசா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பர்சானா தன் டிரெய்னிங்கை நடுவில் நிறுத்தாமல் முடித்தாள். விடுதிகளுக்கு மறுபடியும் முட்டை போகிறது.

ஆர்த்தி இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறாள். அந்தத் தழையை இரண்டாம் தடவை சோதித்தபோது முதல் தடவை மாதிரி வரவில்லையாம். மூன்றாம் தடவை பார்த்துக்கொண்டிருக்கிறாள். "தெரியலைங்க சார், பாக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். வீட்டுக்காரரிடம் எதைச் சொன்னாலும், அவரை ஒருமுறை திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டுவிட்டுத்தான் படியிறங்க விடுகிறாள்.

முருகையன் திருந்தினாரா என்றுதானே கேட்கிறீர்கள்? திருந்தினார். தழை பக்கமே போவதில்லை. போன சனிக்கிழமை கால்நடை மருந்தகத்துக்கு ரஹமத்துன்னிசாவின் கோழிகளோடு நானும் துணைக்குப் போயிருந்தேன். வரிசையில் நின்ற இருபது பேருக்கும் நடுவில் முருகையன் நின்றுகொண்டு முழங்கிக்கொண்டிருந்தார்.

"மருந்து ஐஸ்ல இருக்குதான்னு மொதல்ல பாருங்க. வெயில் ஏர்றதுக்குள்ள போட்டுடணும். இறக்கைக்கு அடியில, தோலுக்குள்ள போகணும். போடும்போது கோழிய கெழக்கு பாத்து புடிச்சா ஆடாது."

ஊசியோடு நிமிர்ந்த டாக்டர், "கிழக்கா?" என்றார்.

"கெழக்குதான் சார். நான் பாத்திருக்கேன்."

வரிசையில் நின்ற ஆறு பேர் கோழியைக் கிழக்குப் பக்கம் திருப்பினார்கள். ரஹமத்துன்னிசா மட்டும் தன் கோழியைத் திருப்பாமல், டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களை ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு விட்டுவிடுகிறேன். ஒரு பெட்டைக்கோழி இறக்கை தொங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது என்று மேலே எழுதியிருந்தேனே, அதைப் படித்தபோது உங்கள் மனசுக்குள், "அடடா, சின்ன வெங்காயமும் சீரகமும் அரைச்சுக் குடுத்திருந்தா போதுமே" என்றோ, "கீழாநெல்லி இருக்க என்னத்துக்கு இவ்வளவு அவஸ்தை" என்றோ ஒரு சின்னக் குரல் கேட்டதா, இல்லையா? கேட்டிருக்கும். எந்தத் தழை என்று எனக்குச் சொல்ல வேண்டாம். தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு, முதலில் அக்கம்பக்கத்தில் யாராவது கோழி வளர்க்கிறார்களா என்று மட்டும் எட்டிப் பாருங்கள்.